நீர்த்தேக்கம் எத்தனை நாள் மின்சாரம் தரும்? கணக்குப் போடுவது எப்படி

ஒரு புனல்மின் நிலையத்தை நம்பலாமா என்று பார்க்க அதன் மெகாவாட் எண் மட்டும் போதாது. டர்பைன்கள் முழுதாக ஓடினால் கிடைப்பது அது, மழையில்லாத மாதத்தில் அவற்றை ஓட்டத் தண்ணீர் இருக்குமா என்பதை நீர்த்தேக்கத்திடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் டெட் ஸ்டோரேஜைக் கழியுங்கள். டர்பைனுக்குப் போகும் குழாயின் வாய்க்குக் கீழே நிற்கும் நீர் மின்சாரத்துக்கு உதவாது. அதற்குச் சற்று மேலே இருப்பதையும் முழுசாக எடுக்க முடியாது, மட்டம் ரொம்ப இறங்கினால் சுழல் விழுந்து காற்றும் சேர்ந்து உள்ளே போய்விடும். மிச்சம் 10 கோடி கனமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

அப்புறம் உயரம். தேக்கத்தின் நீர்மட்டத்துக்கும் டர்பைனைத் தாண்டி வெளியேறும் நீரின் மட்டத்துக்கும் 100 மீட்டர் வித்தியாசம், திறன் (விழும் நீரின் ஆற்றலில் மின்சாரமாக மாறும் பங்கு) 90% என்றால், சுமார் 4 கனமீட்டர் தண்ணீருக்கு ஒரு யூனிட். விநாடிக்கு 10 கனமீட்டர் விட்டால் ஏறக்குறைய 8.8 மெகாவாட்.

அந்த வேகத்தில் ஒரு நாளைக்கு 8,64,000 கனமீட்டர் செலவாகும். ஆறு சுத்தமாக வற்றினாலும் 115 நாள் ஓட்டலாம். விநாடிக்கு 4 கனமீட்டர் வந்துகொண்டிருந்தால் 190 நாளுக்கு மேல் தாங்கும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: சராசரி வரத்தைப் போடுகிறார்கள். இருப்பதிலேயே வறண்ட ஆண்டின் வரத்தைப் போடுங்கள், அப்போதும் கிடைக்கும் மின்சாரம்தான் உறுதியான மின்சாரம்.

இன்னொரு வசதி, அதே ஒரு நாள் தண்ணீரைப் பகலில் தேக்கி, எல்லோரும் விளக்குப் போடும் நேரமாகப் பார்த்து 6 மணி நேரத்தில் விட்டால் 35 மெகாவாட் வரும். யூனிட் கூடாது, தேவையான நேரத்தில் கிடைக்கும், அவ்வளவுதான். அதற்கேற்ற குழாயும் டர்பைனும் வேண்டும் என்பதும் உண்மை.

சரி, இது காகிதக் கணக்கு. ஆவியாவது, பாசனத்துக்கும் குடிநீருக்கும் மேலேயே எடுப்பது, இவற்றைக் கழிக்க வேண்டும். மட்டம் இறங்க இறங்க உயரமும் குறைவதால் கடைசி மாதத்துத் தண்ணீர் முதல் மாதத்தளவு மின்சாரம் தராது, ஆகவே சராசரி உயரத்தை எடுங்கள். வண்டலும் ஆண்டுதோறும் இடத்தைத் தின்கிறது, கட்டிய காலத்துக் கொள்ளளவை அப்படியே போடாமல் கடைசியாக அளந்த எண்ணைத் தேடிப் பிடியுங்கள்.