பண்ணை மீனின் நடுமுள் வளைவைக் கண்டறிவது எப்படி

யாழ்ப்பாணக் கடனீரேரியில் கூடு கட்டிக் கொடுவா வளர்க்க முனைவோர், அறுவடை நாளில் கூனல் விழுந்த மீன்களைக் கண்டதும் வலையையோ நீரோட்டத்தையோ குறைசொல்வது வழக்கம். ஆனால் அந்த வளைவு பெரும்பாலும் மீன் விரல் நீளம் ஆவதற்கு முன்பே தொடங்கிவிட்டிருக்கும். ஆகவே பரிசோதனை குஞ்சு வாங்கும் நாளிலேயே தொடங்கவேண்டும். இக்குறை மிக விரிவாக ஆராயப்பட்டிருப்பது நோர்வே, ஸ்கொட்லாந்து, சிலி ஆகிய குளிர்நாடுகளில் வளர்க்கப்படும் அத்திலாந்திக் சல்மன் மீனில் என்பதால், அங்கு அறியப்பட்டவற்றையும் துணைக்கொண்டே இங்கு விளக்குகிறேன்.

முதலில் முள்ளந்தண்டு எப்படி இருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரின்மீனைத் திறந்தால் நடுவில் மெதுவாக நொறுங்கும் சிறு வட்டங்கள் இருக்குமல்லவா, அவையே முள்ளென்புகள். இருபக்கமும் குழிந்து, உடுக்கைபோல நடுவில் ஒடுங்கியிருக்கும். சல்மனில் ஏறக்குறைய 58 முள்ளென்புகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் சில நசுங்கினாலோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ மீன் வளையாமல் கட்டையாகிவிடுகிறது. வால் குறுகி, உடல் உயர்ந்து தெரியும் அத்தகைய மீனைக் ‘கொழுத்த மீன்’ என்று எண்ணி மகிழ்வோரை நான் கண்டிருக்கிறேன்.

குஞ்சு வாங்கும்போது, வெள்ளை வாளி ஒன்றில் சாண் ஆழத்துக்கு நீர் விட்டு, தொட்டியின் பல இடங்களிலிருந்தும் அள்ளிய நூறு குஞ்சுகளைச் சிறு சிறு தொகையாக அதில் விடுங்கள். ஒரே மூலையில் அள்ளக்கூடாது. பலவீனமானவை கைவலைக்கு எளிதில் அகப்படும் என்பதால் கணக்குப் பிழைக்கும். மேலிருந்து பார்த்தால் பக்கவாட்டு வளைவு தெரியும். முதுகு மேலெழும் கூனும், முதுகு கீழிறங்கும் உள்வளைவும் மேலிருந்து தெரியமாட்டா. அவற்றுக்குக் கண்ணாடிப் போத்தலில் விட்டுப் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். அப்போது தலை மேலும் வால் கீழுமாகச் சரிந்து, ஓயாமல் வாலடித்து நீந்தும் குஞ்சுகள் இருந்தால் எச்சரிக்கை கொள்ளுங்கள். முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பருவமான லாவா நிலையில் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்க முடியாதபோது காற்றுப்பை நிரம்பாமல் போகிறது. மிதக்க முடியாத குஞ்சு ஓயாமல் உந்தி நீந்துவதால் முள்ளந்தண்டு உள்நோக்கி வளைகிறது. இதற்குக் காரணமாவது பெரும்பாலும் நீரின்மேல் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலமே. ஆகவே குஞ்சு பொரிப்பகத்தில் அந்தப் படலத்தை அகற்றுகிறார்களா என்று கேளுங்கள். நான் முதன்முறை வாங்கியது மாலை மங்கிய வேளையில், விற்பவரே அள்ளித் தந்த குஞ்சுகளை. சில வாரங்கள் கழித்துத்தான் வளைவுகள் கண்ணில் பட்டன.

வளர்ந்த மீனில், தலைக்குப் பின்னிருந்து வால்வரை இரு விரல்களால் மெதுவாக அழுத்தி வாருங்கள். வளைவு இருந்தால் முடிச்சோ திடீர்ப் பள்ளமோ தட்டுப்படும். ஐஸ் பெட்டிக்குள் வளைந்து விறைத்த மீனை ஊனமென்று எண்ணவேண்டாம். விறைப்பு நீங்கியதும் அது நிமிர்ந்துவிடும். உறுதி செய்யச் சிறந்தது எக்ஸ்ரே. அது கிடைக்காவிடில் அடுப்படியே போதும். மீனைக் கொதிநீரில் வேகவைத்து, சதையை நீக்கி, பழைய பல்தூரிகையால் முள்ளைச் சுத்தம் செய்து, கறுப்புத் துணியின்மேல் வைத்து, அதே தொகுதியின் நேரான மீன் ஒன்றின் முள்ளோடு ஒப்பிடுங்கள். ஒட்டிய முள்ளென்புகளுக்கிடையே இடைவெளிக் கோடு மறைந்திருக்கும்.

காரணங்களில் நம் கையில் இருப்பது தீனியே. மீன் கல்சியத்தை நீரிலிருந்து செவுள்வழி எடுத்துக்கொள்ளும்; பொசுபரசைப் போதிய அளவு அப்படி எடுக்க இயலாது, தீனியிலிருந்தே பெறவேண்டும். சோயா போன்ற தாவரப் பொருள்களில் உள்ள பொசுபரசின் பெரும்பகுதி பைற்றேற்று என்னும் சேர்மமாகக் கட்டுண்டிருப்பதால் மீனுக்குச் சமிப்பதில்லை. சூடை மீனை முள்ளோடு வெட்டிப் போடுபவர்களுக்கு இக்குறை வருவது அரிது. முள் நீக்கிய கழிவுச் சதையை மட்டும் போடுபவர்களே கவனிக்கவேண்டும். விற்றமின் சி குறைந்தாலும், எலும்பின் கொலாஜன் என்னும் புரதம் சரிவர உருவாகாமல் முள்ளந்தண்டு வளையும். அந்த விற்றமின் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைவதால், தகரக் கூரையின் கீழ் மாதக்கணக்கில் கிடந்த தீனி மூட்டையை நம்பவேண்டாம்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை, சல்மன் முட்டைகளை 8 பாகை செல்சியசுக்கு மேல் அடைகாக்கும்போது முள்ளென்பு ஊனங்கள் பெருகும் அபாயம் உண்டு. வெப்பக் கடல் மீனான கொடுவாவுக்கு அந்த எண் பொருந்தாது. எனினும் அவசரமாக வளர்த்த குஞ்சு என்று ஒருவர் பெருமை பேசினால் நான் இரட்டிப்புக் கவனத்துடன் பார்ப்பேன்.

நூறில் எத்தனை குஞ்சு வளைந்திருந்தன என்பதைத் திகதியோடு குறித்துவைத்து, வளைந்தவற்றை ஆரம்பத்திலேயே பிரித்துவிடுங்கள். அவை தீனிக்குப் போட்டியிட முடியாமல் பின்தங்கும். தீனியாலோ வெப்பத்தாலோ வந்த வளைவு உண்பவருக்குத் தீங்கு செய்யாது. நோர்வேயிலும் இத்தகைய சல்மனைத் தரம் குறைத்துப் பிரிக்கிறார்கள். இங்கு அவற்றைக் குறுக்கே துண்டு போட்டுக் குழம்புக்கென்று விலை குறைத்து விற்கலாம். முழு மீனாகச் சந்தைக்குக் கொண்டுபோனால் நல்ல மீனின் விலையும் சேர்ந்து இறங்கும்.