தானக் கருமுட்டையில் கருத்தரித்தவர்கள் செய்யும் தவறுகள்: ஊருக்கு மறைக்கலாம், கிளினிக்குக்கு மறைக்கலாமா?

மட்டக்களப்பில் ஒரு பிள்ளை எந்தக் குடி என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்வார்கள். அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம்களிடமும் அந்த வழக்கம் உண்டு. இப்படிப்பட்ட மண்ணில், வேறொரு பெண்ணின் கருமுட்டையால் கருத்தரித்தவர் வாய் திறக்கத் தயங்குவதில் வியப்பில்லை. இரவு ரயிலேறிக் கொழும்புக்கோ, விமானமேறிச் சென்னைக்கோ போய்ச் சிகிச்சை பெற்ற கதையை அயலவருக்குச் சொல்லும் கடமை யாருக்கும் கிடையாது. ஆனால் அந்த மௌனத்தைக் கர்ப்பிணிகள் கிளினிக் வாசலைத் தாண்டியும் கொண்டுபோகிறார்கள். எல்லாத் தவறுகளிலும் பெரியது அதுதான்.

தானக் கருமுட்டையில் உருவான கருவின் மரபணுக்களில் ஒரு பாதி தானம் தந்தவருடையது. மறுபாதி பொதுவாகக் கணவருடையது. வழக்கமான கர்ப்பத்தில் தாயின் உடலுக்குப் பாதியாவது பழக்கமான கரு, இங்கே முழுக்கப் புதியது. அதோடு உடலின் நோயெதிர்ப்பு முறை இசைந்துபோகச் சிரமப்படுவது நஞ்சுக்கொடியைப் பாதிக்கிறது என்று கருதப்படுகிறது. காரணம் முழுவதும் அதுவேயாக இல்லாவிட்டாலும் விளைவு தெளிவானது: கர்ப்பகால உயர் குருதி அமுக்கம் இவர்களுக்குக் கூடுதலாக வருகிறது. சொந்தக் கருமுட்டையில் சோதனைக் குழாய் முறையால் கருத்தரித்தவர்களோடு ஒப்பிட்டாலும் கூடுதல்தான். பிரஷர் கட்டுக்கடங்காமல் ஏறினால் தாயைக் காப்பாற்றவே பிரசவத்தை முன்கூட்டி நடத்த நேரிடும். குழந்தை 37 வாரத்துக்கு முன்பே, 2.5 கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறப்பதற்கு இது முக்கியமான ஒரு வழி.

விஷயத்தைச் சொல்லியிருந்தால் வைத்தியர் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று யோசிப்பார். அதைச் சுமார் 12 வாரத்தில், 16 வாரத்துக்கு முன்பே தொடங்கினால்தான் நல்ல பலன். எட்டாம் மாதத்தில் உண்மையைச் சொல்லி என்ன செய்வது? அதற்காகப் பார்மசியில் தானாக வாங்கிப் போடுவதும் கூடாது.

இன்னொரு கணக்கும் பிழைக்கும். டவுன் சின்ட்ரோம் என்ற பிறவிக் குரோமோசோம் கோளாறோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு கருமுட்டையின் வயதைப் பொறுத்தது. 45 வயதுக் கருமுட்டைக்கு அது ஏறக்குறைய 30இல் ஒன்று. 25 வயதுக் கருமுட்டைக்கு 1,250இல் ஒன்று. தானம் தந்தவரின் வயதை மறைத்துத் தன் வயதை மட்டும் எழுதிக் கொடுத்தால், இல்லாத ஆபத்துக்குப் பயந்து தேவையற்ற சோதனைகளில் இறங்க வேண்டிவரும். மரபணு வழியாகப் பிள்ளைக்கு வரும் இரத்த நோயான தலசீமியாவும் அப்படியே. கணவரையும் தானம் தந்தவரையும் சோதிக்க வேண்டியிருக்க, சுமக்கும் தாயின் இரத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியடைவதில் அர்த்தமில்லை.

அடுத்தது "கால் வீங்குவது எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று பெரியம்மாமார் சொல்லும் ஆறுதல். பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலோ கையிலோ திடீர் வீக்கம் வந்தாலோ அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், இரவானாலும்.

இரண்டு கருக்களை வைக்கச் சொல்லிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். இவ்வளவு பணம் செலவழித்தாயிற்று, ஒரே தடவையில் இரண்டும் கிடைக்கட்டுமே என்ற ஆசை புரிகிறது. ஆனால் இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். பிரஷரும் இன்னும் கூடுகிறது. இளம் பெண்ணின் கருமுட்டையில் உருவான கரு பொதுவாகத் தரமானது, ஒன்றை வைத்தாலே நல்ல வாய்ப்பு உண்டு.

குழந்தை சிறுத்துப் பிறந்துவிட்டால் "அந்த முட்டையின் குறைதான்" என்று வீட்டுக்குள்ளேயே யாராவது சொல்வார்கள். எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது. தானக் கருமுட்டை என்பதற்காகப் பிறவிக் குறைபாடுகள் கூடுவதாகத் தெரியவில்லை. எடை குறைவதற்குப் பெரும்பாலும் பிரஷரும் முன்கூட்டிய பிரசவமும் இரட்டைக் கர்ப்பமுமே காரணம். வேறொருத்தியின் முட்டை என்றால் பால் சுரக்காது என்பதும் வெறும் கதை. நஞ்சுக்கொடி வெளியேறியதும் மாறும் ஹார்மோன்களும் குழந்தை உறிஞ்சுவதும்தான் பாலைச் சுரக்க வைக்கின்றன. எடை குறைந்த குழந்தையானால் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைத்திருப்பதும் தாய்ப்பாலும் இன்னும் அவசியம்.

சிகிச்சை நிலையத்தை விட்டு வரும்முன் தானம் தந்தவரின் வயது, இரத்த வகை, குடும்பத்து நோய்கள், தலசீமியா முடிவு ஆகியவற்றைப் பெயரில்லாமல் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை வளர்ந்தபின் குழந்தை வைத்தியர் பரம்பரை நோய் பற்றிக் கேட்கும்போதும் அது உதவும். அந்தத் தாளைக் கிளினிக் புத்தகத்துக்குள் செருகி வைக்க வேண்டாம். அந்தப் புத்தகம் மாமி, மச்சாள் என்று எல்லார் கையிலும் போகும். தனி உறையில் வைத்திருந்து, வைத்தியரிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் அறைக்குள் தனியாக இருக்கும்போது எடுத்துக் காட்டுங்கள்.