வயிறு ஒத்துக்காதவங்க சியா, சப்ஜா, ஆளி விதை சாப்பிட ஆரம்பிக்கறது எப்படி?

சேலத்துல இப்ப செவ்வாப்பேட்டை பக்கம் மளிகை வாங்கப் போனாலும் சரி, சூப்பர் மார்க்கெட் போனாலும் சரி, சியா, ஆளி, பூசணி விதைன்னு எல்லாத்தையும் ஒண்ணா கலந்த பாக்கெட் கண்ணுல படாம இருக்காது. ஐபிஎஸ் (வயித்து வலி, உப்புசம், பேதி இல்ல மலச்சிக்கல்னு அடிக்கடி படுத்தற குடல் கோளாறு), தீராத உப்புசம், மலச்சிக்கல்னு இருக்கறவங்க ஆசையா அதைத்தான் தூக்கிட்டு வருவாங்க. தயவுசெஞ்சு வாங்காதீங்க. நாளைக்கு வயிறு பொருமுச்சுன்னா எந்த விதை பண்ணின வேலைன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? ஒரே ஒரு விதை, ஐம்பது கிராம், ஆரம்பத்துக்கு அவ்வளவுதான்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு பாத்துக்கணும். க்ரோன்ஸ்ங்கற நாள்பட்ட குடல் அழற்சி நோய்ல குடல் சுருங்கிப் போனவங்க, சமீபத்துல குடல் ஆபரேஷன் பண்ணினவங்க, சாப்பாடு முழுங்கவே சிரமப்படறவங்க, இரைப்பை ரொம்ப மெதுவா காலியாகுதுன்னு டாக்டர் சொன்னவங்க, இந்த நாலு பேரும் டாக்டரைக் கேக்காம விதை பக்கமே போக வேண்டாம். மலத்துல ரத்தம், சும்மாவே எடை குறையறது, தூக்கத்துல எழுப்பி விடற பேதி இதெல்லாம் இருந்தா முதல்ல டெஸ்ட், விதையெல்லாம் அப்புறம். பெருங்குடல்ல சின்னச் சின்னதா பை மாதிரி இருக்குன்னு ரிப்போர்ட்ல வந்தவங்க விதை போய் மாட்டிக்கும்னு பயப்படுவாங்க. 2008-ல ஜாமாங்கற அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல நாப்பத்தேழாயிரத்துக்கு மேல ஆம்பளைங்களைப் பதினெட்டு வருஷம் கவனிச்சதுல, நட்ஸும் பாப்கார்னும் சாப்பிட்டதால அந்தப் பை வீங்கற ஆபத்து கூடலைன்னுதான் தெரிஞ்சுது.

ஸ்டெப் 1: விதையைத் தேர்ந்தெடுக்கறது

தண்ணில ஊறினா வழவழன்னு ஜெல் ஆகற விதையா முதல்ல எடுங்க, அதாவது சியா இல்லைன்னா சப்ஜா. இந்த வழவழப்பான நார் மலத்தை இளக்கும், லூசா போறவங்களுக்குக் கொஞ்சம் கெட்டியாவும் ஆக்கும், அதனாலதான் ஐபிஎஸ்க்கு கோதுமைத் தவிடு மாதிரி சொரசொரப்பு நாரை விட இது தேவலை. ரெண்டையும் கடைலயே மாத்திக் குடுத்துடுவாங்க, பாத்து வாங்குங்க: சப்ஜா முழுக் கறுப்பு, தண்ணில போட்ட கொஞ்ச நேரத்துலயே வெள்ளையா உப்பிடும். சியா சாம்பல் கலர்ல புள்ளி புள்ளியா இருக்கும், மெதுவாத்தான் ஊறும்.

ஸ்டெப் 2: ஊற வைக்கறது

இதுல மட்டும் அவசரமே கூடாது. அரை டீஸ்பூன் விதையை ஒரு டம்ளர் தண்ணில போட்டு கலக்குங்க, அஞ்சு நிமிஷம் விட்டு திரும்பக் கலக்குங்க, இல்லாட்டி அடில கட்டியா ஒட்டிக்கும். சப்ஜாவுக்கு அரை மணி நேரம் தாராளம், சியாவை ராத்திரியே ஊறப் போட்டுடுங்க. சியாவை காஞ்சபடி வாயில போட்டு மேல தண்ணி குடிக்கற பழக்கம் சுத்தமா வேண்டவே வேண்டாம், அமெரிக்கால ஒருத்தருக்கு அது உணவுக்குழாய்லயே உப்பி அடைச்சு, டாக்டருங்க டியூப் விட்டு அடைப்பை நீக்கின கேஸ் 2014-ல ஒரு மருத்துவ மாநாட்டுல பேசப்பட்டுச்சு.

ஸ்டெப் 3: அளவு

நூறு கிராம் சியால கிட்டத்தட்ட 34 கிராம் நார், ஆளி விதைல 27 இருக்கும், அதனால டேபிள்ஸ்பூன் கணக்குல ஆரம்பிச்சா வயிறு கடமுடாதான். முதல் வாரம் தினமும் அரை டீஸ்பூன், மோர்லயோ பழைய சோத்துலயோ கலந்துக்கலாம். லேசா கேஸ் வரும், குடல் பாக்டீரியா நாரைப் புளிக்க வைக்கறதால வர்றது, நாலஞ்சு நாள்ல பெரும்பாலும் அடங்கிடும். அடங்கினா ரெண்டாவது வாரம் ஒரு டீஸ்பூன், அடங்கலையா, அதே அளவுல நில்லுங்க இல்ல பாதியா குறைங்க. ஒரு டேபிள்ஸ்பூன் வந்துட்டா போதும், அதுக்கு மேல போறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. சேலம் வெயில்ல தண்ணி கம்மியா குடிச்சுட்டு நாரை மட்டும் ஏத்தினா மலச்சிக்கல் இன்னும் இறுகிடும். வயிறு கல்லு மாதிரி வீங்கி, காத்தும் பிரியாம வாந்தியும் வந்தா காத்திருக்காம ஆஸ்பத்திரி போங்க.

விதையை டெஸ்ட் பண்ற வாரத்துல தட்டுவடை செட் வேண்டாங்க, கஷ்டம்தான், ஆனா அதுல இருக்கற பச்சை வெங்காயமும் பூண்டுச் சட்னியுமே பல ஐபிஎஸ் வயித்தை உப்ப வெச்சுடும், பழி வந்து விதை மேல விழும்.

ஸ்டெப் 4: அடுத்த விதை

சியா செட் ஆனதும் ஆளி விதை. முழுசா முழுங்கினா பல நேரம் அப்படியே வெளில வந்துடும், லேசா வறுத்து மிக்ஸில பொடி பண்ணி, டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, நிறைய அரைச்சு வெச்சா சிக்கு வாடை வந்துடும். இட்லிப் பொடியா பண்றதா இருந்தா மிளகாயும் பூண்டும் இல்லாம, சீரகம் உப்பு போதும். பூசணி விதை, சூரியகாந்தி விதை எல்லாம் கடைசி, அதுவும் நல்லா மென்னு சாப்பிட முடிஞ்சா மட்டும்.

தைராய்டு மாத்திரை போடறவங்க காலைல மாத்திரையோட விதைத் தண்ணியையும் சேத்துக் குடிக்காதீங்க, மாத்திரை சரியா உடம்புல ஏறாது. விதையை சாயங்காலத்துக்குத் தள்ளிடுங்க. சுகர் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க எந்த விதை, எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஆரம்பிங்க.