பார்லி இல்லை, ஹாப்ஸ் இல்லை: சேலத்துச் சமையலறையில் கேழ்வரகு இஞ்சி பீர்

பீருக்கு வேண்டியது பார்லி மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் ஒரு கொடியின் பூ), ஈஸ்ட், தண்ணீர். முதல் இரண்டையும் நம்ம ஊர் மளிகைக்கடையில் தேடி அலைய வேண்டாம். மாற்றுப்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அசல் பொருள் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள், வழி தானாகப் புலப்படும். மால்ட்டின் வேலை மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது. முளைகட்டிய கேழ்வரகு அதை நன்றாகவே செய்யும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததே சேலம் மாவட்டத்தில்தான். அந்த ஆண்டுச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். அதனால் இது பொங்கி நுரைத்ததும் நிறுத்திவிடும் பானம். அப்படியும் துளி மதுச்சத்து இருக்கும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள்.

முதலில் ஈஸ்ட். இஞ்சித் தோலிலேயே அது இருக்கிறது, அதனால் தோலைச் சீவாமல் லேசாகக் கழுவித் துருவுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் துருவல், ஒரு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை போட்டுத் துணியால் மூடி, தினமும் அதே அளவு சேர்த்துக் கலக்குங்கள். மேட்டூர் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், கொதிக்கவைத்து ஆறவைத்தே ஊற்றுங்கள். சேலம் வெயிலில் மூன்று நாலு நாளில் குமிழி வரும், ஏற்காடு குளிரில் ஒரு வாரம்கூட ஆகலாம். பூஞ்சை படர்ந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

அது தயாராவதற்குள் கால் கிலோ கேழ்வரகை இரவு ஊறவைத்து, துணியில் கட்டி இரண்டு நாள் முளைவிட்டு, வெயிலில் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். சத்துமாவுக்கு வறுப்பதுபோல வறுக்கக் கூடாது, வறுத்தால் மாவுச்சத்தை உடைக்கும் என்சைம் செத்துப்போகும்.

முக்கியமான இடம் இதுதான். மாவில் முக்கால் பங்கை இரண்டு லிட்டர் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி இறக்குங்கள். விரலை வைத்தால் ஒரு நொடிக்கு மேல் தாங்காத சூட்டுக்கு, தெர்மாமீட்டர் இருந்தால் 60-65 டிகிரிக்கு, ஆறியதும் மீதிப் பச்சை மாவைக் கலந்து ஹாட் பேக்கில் ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். கெட்டிக் கூழ் நீர்த்துப்போய் இனிப்பு ஏறியிருக்கும். நீர்க்கவில்லை என்றால் சூடு அதிகமாக இருந்தபோதே மாவைப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம் வடிகட்டி, 100 கிராம் வெல்லம் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். ஹாப்ஸ் தரும் கசப்புக்கு ஆரஞ்சுத் தோலை வெள்ளைப் பகுதியோடு சேருங்கள், ஏற்காட்டுப் பழம் கிடைத்தால் வாசனைக்கு வேறெதுவும் வேண்டாம். காப்பித் தோட்டத்து மிளகு நாலைத் தட்டிப் போட்டால் தொண்டையில் ஒரு காரம் நிற்கும். ஆனால் ஹாப்ஸ் பானத்தைக் கெடாமலும் காக்கும், தோலுக்கு அந்தச் சக்தி இல்லை. அதனால் நாலைந்து நாளில் குடித்துவிடுங்கள்.

நன்றாக ஆறியதும் இஞ்சித் தண்ணீர் அரை டம்ளரை வடிகட்டி ஊற்றி, பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் நாலு விரல் இடம் விட்டு மூடுங்கள். கண்ணாடி வேண்டவே வேண்டாம், வெடிக்கும். தினம் இரண்டு முறை அமுக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு நாளில் பாட்டில் கல் மாதிரி இறுகும், உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். திறக்கும்போது மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள்.

வடிகட்டிய துணியில் தங்கும் கேழ்வரகுத் திப்பியைத் தோசை மாவில் கலந்து ஊற்றலாம், மாடு இருக்கும் வீடென்றால் கழனித் தொட்டியில் போடலாம்.