குளத்துக்கு அடியில் ஊறும் தண்ணீரை அளப்பது எப்படி?

குளத்தில் பாசி கட்டினால் எல்லாரும் சாக்கடையைத்தான் கைகாட்டுகிறோம், அடியில் ஊத்தாக வருவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மஞ்சளுக்கும் வாழைக்கும் போட்ட யூரியா, கோழி எரு, செப்டிக் டேங்க் எல்லாவற்றிலிருந்தும் வரும் நைட்ரேட் (பாசியை வளர்க்கும் தழைச்சத்து) மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு இறங்கி, பள்ளத்தில் இருக்கும் குளத்துக்குள் கசியும். கடலோரத்திலும் இப்படித்தான், ஆறே வந்து சேராத கரையிலும் மணலுக்கடியில் ஊறும் நிலத்தடி நீர் தழைச்சத்தைக் கடலில் சேர்த்துவிடும். பாஸ்பேட் பெரும்பாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு பின்தங்கிவிடும்.

அளக்க 200 லிட்டர் இரும்பு பேரல் போதும். 1977-ல் டேவிட் லீ என்ற ஆய்வாளர் விவரித்த முறை இது, கடலோரத்திலும் இதையே பயன்படுத்துகிறார்கள். திருப்பூர் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று சாயப்பட்டறை பேரலை வாங்கிவிடாதீர்கள். வெல்டிங் பட்டறையில் மூடிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டித் தரச் சொல்லி, மூடியின் ஓரத்தில் ஒரு குழாய் வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் ஆழத்தில், வெட்டிய வாய் கீழே இருக்கும்படி மெதுவாகச் சேற்றில் அழுத்துங்கள். குழாய் உள்ள ஓரம் கொஞ்சம் மேலே இருக்கட்டும், இல்லையென்றால் சேற்றிலிருந்து கிளம்பும் வாயு உள்ளேயே தங்கி கணக்கைக் கெடுத்துவிடும். ஒருநாள் அப்படியே விடுங்கள். அப்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் அளந்து ஊற்றி, காற்றை வெளியேற்றிவிட்டு, அந்தப் பையைக் குழாயில் கட்டுங்கள். வெறும் பையைக் கட்டினால் அதுவே தண்ணீரை இழுக்கும்.

ஆறு மணி நேரம் கழித்துப் பையில் 1,600 மில்லி இருந்தால், ஊறியது 600 மில்லி. பேரலின் பரப்பு கிட்டத்தட்ட கால் சதுர மீட்டர், ஆக ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 9.6 லிட்டர். ஒரே இடத்தை நம்ப வேண்டாம், நாலைந்து இடத்தில் வையுங்கள்.

நைட்ரேட் பார்க்க பைத் தண்ணீர் ஆகாது, அதில் குளத்துத் தண்ணீரும் கலந்திருக்கும். மேட்டுப்பக்கக் கிணற்று நீரில் நைட்ரேட் சோதனைப் பட்டையை (நிறம் மாறி அளவைக் காட்டும் பட்டை) நனைத்துப் பாருங்கள். லிட்டருக்கு 60 மில்லிகிராம் என்றால் மேலே சொன்ன ஊற்றில் சதுர மீட்டருக்குத் தினமும் 576 மில்லிகிராம் வரை வரலாம். ‘வரை’ என்பதைக் கவனியுங்கள்: காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிரிகள் அதில் ஒரு பங்கை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடும்.

பை சுருங்கியிருந்தால் குளம்தான் கிணறுகளுக்கு ஊட்டுகிறது, நம் பக்கம் இது சகஜம். அப்படியானால் கரையோரக் கிணற்றையும் சோதித்துவிடுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்தான் எல்லை, கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது.