ஒரே லென்ஸ போட்டு ஊர் சுத்தணும்னா எத வாங்குறது

கேமரா வாங்கி ஆறு மாசம் ஆச்சுன்னா எல்லாருக்கும் இந்த நோவு வந்துரும், கூட வந்த 18-55 பத்தல, ரெண்டு லென்ஸ் வச்சு மாத்தி மாத்தி போடவும் முடியல, ஒண்ணுலயே எல்லாம் வேணும். எங்கிட்ட கேக்குறவங்க பூராவும் "அண்ணாச்சி, எது நல்லா தூரம் இழுக்கும்"னுதான் ஆரம்பிக்காங்க. தூரத்த அப்புறம் பாத்துக்கிடலாம்யா. லென்ஸ் மேல ரெண்டு நம்பர் போட்டிருக்குல்ல, அதுதான் ஃபோக்கல் லெங்த், எம்எம் கணக்குல, குறையக் குறைய அகலமா தெரியும், கூடக் கூட தூரம் இழுக்கும். அதுல சின்ன நம்பர மொதல்ல பாருங்க.

எனக்கு இது மண்டைல ஏறுனது ஆனித் தேர் அன்னைக்கு. அப்ப கேனன் கிராப் சென்சார் பாடி வச்சிருந்தேன் (ஃபுல் ஃபிரேம்ங்கிற பெரிய சென்சார விட சின்னது), அதுக்கு 24-105 ஒண்ணு பழசுல வாங்கிருந்தேன், சிவப்பு வளையம் போட்ட ஒசத்தி வரிசை, லென்ஸ்ல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. ஆனா அது ஃபுல் ஃபிரேமுக்குன்னு செஞ்ச சாமான். கேனன் கிராப்ல 1.6-ஆல பெருக்கணும், 24-ங்கிறது 38 மாதிரி ஆயிரும் (நிக்கான், சோனி, ஃபியூஜின்னா 1.5). ரத வீதில நெல்லையப்பர் தேரு அசைஞ்சு வருது, நான் ஒரு கடை ஷட்டர்ல முதுக ஒட்டிக்கிட்டு நிக்கேன், இன்னும் ஒரு அடி பின்னால போக வழியில்ல, வடம் புடிக்கிற ஆளுங்க ஃபிரேமுக்குள்ள வந்தா தேர் உச்சி இல்ல, உச்சிய வச்சா வடம் இல்ல. பக்கத்துல ஒரு பொடியன் போன்ல முழுத் தேரையும் எடுத்துட்டு "என்னண்ணே கிடைக்கலையா"ன்னு வேற கேக்கான்.

கணக்கும் அதத்தான் சொல்லுது. கேனன் கிராப்ல 18 எம்எம்ல குறுக்குவாட்டுல சுமார் 64 டிகிரி தெரியும், 15-ல 73 டிகிரி. மூணே மூணு எம்எம், ஆனா தெருவுல ஒரு வீடு கூட சேத்து உள்ள வரும். அந்தப் பக்கம் 135-ல இருந்து 200-க்கு போனா சும்மா மூணு டிகிரிதான் குறுகுது. அதுவும் 135-ல எடுத்த 24 மெகாபிக்ஸல் படத்த 200 மாதிரி வெட்டுனாலும் கிட்டத்தட்ட 11 மெகாபிக்ஸல் மிஞ்சும், சுவத்துல மாட்டுற அளவுக்கு பிரிண்ட் போடலாம். தூரம் பத்தலன்னா வெட்டிக்கிடலாம், அகலம் பத்தலன்னா எங்க போயி ஒட்டுவீங்க?

அதுக்காக உடனே கடைக்கு ஓடாதீங்க. ஏற்கனவே எடுத்த படத்துல ஒரு இருநூற கம்ப்யூட்டர்ல போட்டு ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ்னு போங்க, ஃபோக்கல் லெங்த் போட்டிருக்கும். பாதிக்கு மேல 18-லயே குவிஞ்சு கிடந்தா உங்களுக்கு அகலந்தான் பத்தல, 55-ல குவிஞ்சு கிடந்தா தூரம் பத்தல, நடுவுல சிதறிக் கிடந்தா இருக்குற லென்ஸே போதும், காச வச்சுக்கிட்டு மாஞ்சோலைக்கு ஒரு நடை போயிட்டு வாங்க.

அடுத்து வெளிச்சம். இதுல ரொம்ப பேரு கொழம்புதாங்க. கேமரா கூட வர்ற கிட் லென்ஸ்ல எஃப் 3.5-5.6-ன்னு இருக்கும், இந்த எஃப் நம்பர் கூடுனா வெளிச்சம் குறையும், அதாவது ஜூம் பண்ணப் பண்ண உள்ள வர்ற வெளிச்சம் குறையும். கடைசில நிக்குற 5.6-க்கும், ஜூம் பூராவும் ஒரே மாதிரி 2.8 தர்ற லென்ஸுக்கும் நாலு மடங்கு வித்தியாசம், அங்க ஐஎஸ்ஓ (வெளிச்சத்த கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கிற நம்பர், ஏறுனா படம் பொரிபொரியா ஆகும்) 6400 வைக்கிற எடத்துல இங்க 1600 போதும். இதுக்கும் ஆட்டம் குறைக்கிற வசதிக்கும் (கேனன்ல ஐஎஸ், நிக்கான்ல விஆர், டாம்ரான்ல விசி) சம்பந்தமில்ல. கிருஷ்ணாபுரம் கோயில்ல அந்தக் குறவன் ராசகுமாரிய தூக்கிட்டுப் போற தூண் இருக்கு பாருங்க, உள்ள வெளிச்சம் கம்மிதான், ஆனா கல்லு ஆடாது, உங்க கை ஆட்டத்த ஐஎஸ் பாத்துக்கிடும், 5.6-ஏ போதும் (கேமரா விடுவாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கிடுங்க). சாயங்காலம் இருட்டுக்கடை முன்னாடி அல்வாவுக்கு கூட்டம் நிக்கும்லா, அங்க ஆளு ஆடும், கை ஆடும், இலைல வச்சு குடுக்குற கை அத விட வேகமா ஆடும். அங்க எந்த ஐஎஸ்ஸும் காப்பாத்தாது, 2.8 இருந்தாத்தான் ஷட்டர் வேகத்த ஏத்த முடியும். வீட்டு விசேஷம், கொடை, ராத்திரி சப்பரம்னு போறவங்க 2.8 பக்கம் போங்க, பகல்ல மட்டும் சுத்துறவங்களுக்கு அந்தக் காசு தண்டம்.

இனி பேரு சொல்லுதேன். பழைய கேனன் கிராப்புன்னா 15-85 என் செல்லம், கொஞ்சம் வயசான லென்ஸ், பழசுல தேடணும். கிடைக்கலன்னா 18-135 யுஎஸ்எம். நிக்கான்ல 18-140, காசு இருந்தா 16-80. சோனிக்கு 18-135, 325 கிராம்தான், கழுத்துல தொங்குறதே தெரியாது. சோனில 2.8 வேணும்னா சிக்மா 18-50, அதுவும் முந்நூறு கிராமுக்குள்ளதான், ஆனா ஆட்டம் குறைக்கிற வசதி லென்ஸ்ல கிடையாது, ஏ6400 மாதிரி பாடிலயும் அது இல்லாத கேமரால போட்டா கைய கட்டுப்படுத்தி எடுக்கணும். டாம்ரான் 17-70-ல அது இருக்கு, வெயிட்டு 525 கிராம். பழைய நிக்கான் 3000, 5000 வரிசை வச்சிருக்கவங்க ஏஎஃப்-டி லென்ஸ் சல்லிசா கிடைக்குன்னு வாங்கிறாதீங்க, அந்த லென்ஸ்லயும் ஃபோக்கஸ் மோட்டார் இல்ல, உங்க பாடிலயும் கிடையாது, ஃபோக்கஸ கையாலதான் திருகணும்.

18-300 மாதிரி ஒண்ணு வாங்குனா என்னன்னு கேப்பீங்க. கெடுதல்னு சொல்ல மாட்டேன், கடைசில கொஞ்சம் மங்கலா இருக்கும், கனமா இருக்கும், வெளிச்சம் கம்மி. ஆனா கூந்தன்குளத்துல பறவை எடுக்கலாம்னு நினைச்சு வாங்குனா ஏமாந்துருவீங்க. மரத்துல உக்காந்திருக்குற மஞ்சள் மூக்கு நாரை சரியா வரும், குளத்து நடுவுல நிக்குற பூநாரை பொட்டு மாதிரிதான் தெரியும். பறவைக்கு தனி லென்ஸ் வேணும், அது வேற கதை, வேற செலவு.

பழசு வாங்குறவங்களுக்கு ஒண்ணு. ரெண்டு பக்க மூடியையும் கழட்டிட்டு போன் டார்ச்ச பின்னால இருந்து சரிச்சு அடிச்சு முன்னால பாருங்க. தூசி புள்ளி புள்ளியா நிக்கும், அது பரவால்ல. சிலந்தி வலை மாதிரி கிளை விட்டு படர்ந்திருந்தா ஃபங்கஸ், தொடாதீங்க. குத்தாலச் சாரல்ல போட்டுட்டு ஈரத்தோட பைக்குள்ள வச்சு மறந்த லென்ஸ் இப்படித்தான் ஆகும், ஜூம் பண்ணும்போது நீளுற லென்ஸ் வெளிக் காத்த ஈரத்தோட உள்ள இழுக்கும். அப்புறம் லென்ஸ தலைகீழா புடிங்க, தானா நீண்டு தொங்குச்சுன்னா நல்லா பொழங்கித் தளர்ந்த லென்ஸா இருக்கலாம், விலைய குறைச்சு கேளுங்க. எனக்கு ஒரு கடைல காட்டுன லென்ஸ்ல ஓரத்துல வலை பின்னிக் கிடந்துச்சு, கேட்டதுக்கு "தூசி தம்பி, துணி வச்சு துடைச்சா போயிரும்"ங்காரு. சரி நீங்களே துடைச்சு வைங்க, நான் டீ குடிச்சுட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தவன்தான்.