சிறிய பீர் ஆலையா? தொட்டிக் கணக்கை முதலில் போடுங்கள்

அமெரிக்காவில் சிறிய பீர் ஆலை தொடங்க நினைப்பவர்கள், காய்ச்சும் கொப்பரை எவ்வளவு பெரியது என்பதிலேயே மூழ்கிவிடுகிறார்கள். உண்மையில் மாத உற்பத்தியை நிர்ணயிப்பவை நொதித்தல் தொட்டிகள்தான். காய்ச்ச ஒரு நாள் போதும். அதன்பின் ஏல் வகை பீர் தொட்டியில் சுமார் 2 முதல் 3 வாரம் கிடக்கும். குளிரில் முதிரும் லாகர் வகை பீருக்கு 6 வாரம்கூட ஆகலாம். ஆகவே, தொட்டி குறைவாக இருக்கும்வரை ஏல் மட்டும் காய்ச்சுங்கள். பின்னால் தொட்டி சேர்ப்பதற்கான இடம், வடிகால், குளிரூட்டும் குழாய் ஆகியவற்றை மட்டும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள். தரையை மறுபடி உடைப்பது பெருஞ்செலவு.

எல்லாம் புதிதாக வேண்டியதில்லை. 1980இல் கலிபோர்னியாவின் சிகோ நகரில் தொடங்கிய சியரா நெவாடா ஆலை, பால் பண்ணைகளின் பழைய உபகரணங்களைக் கொண்டுதான் எழுந்தது. பழைய தொட்டி வாங்கினால் உட்புறப் பற்றவைப்புகளை விளக்கடித்துப் பாருங்கள். கிருமி ஒளிந்துகொள்வது அங்கேதான்.

இன்னொன்று: மத்திய அரசின் உரிமத்துக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை, ஆனால் இடத்தைக் காட்டித்தான் விண்ணப்பிக்க முடியும். அனுமதி வரும்வரை வாடகை ஓடும். குத்தகை பேசும்போதே முதல் சில மாத வாடகை விலக்கைக் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.